கேட் வால்வைப் பாதி திறந்து வைக்கலாமா? தண்டருகே கசிந்தால் என்ன செய்வது?

ஓட்டத்தைக் குறைக்க, தகட்டை ஏற்றி இறக்கிக் குழாயைத் திறந்து மூடும் கேட் வால்வைப் பாதி திறந்து விடலாமா, தகட்டைக் கைச்சக்கரத்தோடு இணைக்கும் தண்டருகே கசிவதை எப்படி நிறுத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி திறந்து விடவே கூடாது. முழுமையாகத் திறக்கவும் முழுமையாக அடைக்கவும் மட்டுமே இவ்வகை வால்வு உரியது. இடையில் நிறுத்தினால், குறுகிய இடைவெளியில் விரைந்து பாயும் திரவம் தகட்டின் விளிம்பையும் அது அமரும் வளையத்தையும் அரித்துவிடும், பிறகு எவ்வளவு இறுக்கினாலும் வால்வு சரியாக அடைக்காது. ஓட்டத்தைக் கட்டுப்படுத்தக் குளோப் வால்வைப் பொருத்துங்கள்.

மூடும்போது கடைசிச் சுற்றில் கரகரவென்று தடுத்தால், இரும்புக் குழாயைக் கைச்சக்கரத்தில் செருகி நெம்பாதீர்கள். பெரும்பாலும் அடியில் படிவு சிக்கியிருக்கும். சற்றே திறந்து, பாயும் திரவம் அதை அடித்துச் செல்லவிட்டு, மெதுவாக மீண்டும் மூடுங்கள்.

தண்டருகே நீர் சொட்டினால், தண்டைச் சுற்றியுள்ள பேக்கிங்கை (கசிவைத் தடுக்கும் அடைப்புப் பொருள்) அழுத்திப் பிடிக்கும் கிளாண்டின் இரு நட்டுகளையும் மாற்றி மாற்றி, ஒரு முறைக்கு ஆறில் ஒரு சுற்று என்ற அளவில் இறுக்குங்கள். ஒரு பக்கத்தை மட்டும் இறுக்கினால் கிளாண்ட் சாய்ந்து தண்டைக் கீறிவிடும், அந்தக் கீறலே அடுத்த கசிவுக்கு வழியாகும் என்பதால் இதில் அவசரம் வேண்டாம். சொட்டுவது நின்றதும், சக்கரம் கையால் எளிதாகச் சுழல்கிறதா என்று பாருங்கள். இறுக்க இனி இடமில்லை என்றால் பேக்கிங்கை மாற்ற வேண்டும். திரவம் வராதபடி குழாயைத் தனிமைப்படுத்தி, அழுத்தம் முழுவதும் வெளியேறியதை உறுதி செய்யாமல் நட்டைக் கழற்றவே கூடாது.