வெள்ளையடித்து மறைத்த விரிசல்: விற்றவரிடம் இழப்பீடு கேட்கலாமா?

கேள்வி: தக்கலை அருகே ஆறு சென்ட் மனையோடு ஒரு பழைய கான்கிரீட் வீட்டை மாசி மாதம் வாங்கினோம். புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள். இடவப்பாதி மழை பிடித்ததும் கூரை ஒழுகுகிறது. படுக்கையறைச் சுவரில் நீளமாக விரிசல் விட்டிருக்கிறது. போன வருடமும் இப்படித்தான் இருந்தது என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். விற்றவரோ, “உள்ளது உள்ளபடி என்று பத்திரத்தில் எழுதியிருக்கிறதே” என்கிறார். என்ன செய்வது?

பதில்: அந்த ஒரு வரியைக் காட்டி அவர் கைகழுவிவிட முடியாது. விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாத, சாதாரண கவனத்தோடு பார்த்தாலும் கண்ணில் படாத முக்கியக் குறையை விற்பவர் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு. சொல்லாமல் விடுவதை அந்தப் பிரிவே மோசடி என்கிறது. உடைந்த ஜன்னலுக்கு ‘உள்ளது உள்ளபடி’ பொருந்தும். பட்டி பூசி மறைத்த விரிசலுக்கு அது கேடயமாகாது.

ஆனால் விரிசல் இருப்பதை நிரூபித்தால் மட்டும் போதாது. அது அவருக்கு முன்பே தெரியும் என்பதையும் நிரூபிக்க வேண்டும். வழக்கின் உயிர் அங்கேதான் இருக்கிறது. போன வருடம் ஒட்டுப்போட்ட கொத்தனாரைத் தேடிப் பிடியுங்கள். மழை பெய்யும்போதே படம் எடுங்கள். பூச்சைச் சுரண்டிப் பார்த்துப் பொறியாளர் எழுத்தில் அறிக்கை தரட்டும். அதன் பிறகே பழுது பாருங்கள்; ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். வாங்கும்போதே ஈரக்கறையைப் பார்த்திருந்தால் வழக்கு வலுவிழக்கும். அதை உங்கள் வழக்கறிஞரிடம் மறைக்காதீர்கள்.

அடுத்து, சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) வழக்கறிஞர் நோட்டீஸ். மோசடி தெரியவந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். கிரயத்தையே ரத்து செய்யக் கேட்கலாம். ஆனால் பழுதுச் செலவை இழப்பீடாகக் கேட்பதே நடைமுறைக்கு ஒத்தது என்பேன். தன் சொந்த வீட்டை விற்ற தனிநபர் மீது நுகர்வோர் ஆணையத்தில் புகார் பொதுவாக நிற்காது.

கட்டுநரிடம் வாங்கியிருந்தால் கதை வேறு. 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் கீழ் வரும் திட்டங்களில், சாவி பெற்ற நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் சுட்டிக்காட்டும் கட்டுமானக் குறையை அவர் 30 நாளில் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் இந்த வாரமே பேசுங்கள். திண்ணையில் சொன்னதைக் கூண்டில் ஏறிச் சொல்ல நம் ஊரில் பலரும் தயங்குவார்கள்; அவர் சாட்சி சொல்வாரா என்பது நோட்டீஸ் அனுப்பும் முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.