பாட்டில் மூடிக்குள் ஓர் எண்

உடுமலைப்பேட்டைப் பக்கம் மளிகைக் கடை நடத்தும் ஒருவர் மனைவியையும் மகனையும் அழைத்துக்கொண்டு படிப்பு பற்றி ஆலோசனை கேட்க என்னிடம் வந்திருந்தார். பையன் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதப் பிரிவு, 63 விழுக்காடு. ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் கணினி அறிவியல் சீட்டு பேசி முடித்தாயிற்று. விடுதியும் சேர்த்து நான்கு ஆண்டுக்குப் பத்து லட்சத்தைத் தாண்டும். தென்னந்தோப்பை அடமானம் வைத்துக் கடன் வாங்கப் போகிறார்கள். ஏற்பாடு தாய்மாமனுடையது. பையனோ லீவு விட்டால் தெருக்கோடி லேத் பட்டறையே கதி என்று கிடக்கிறான். “அவன் பார்வையைக் கொஞ்சம் மாற்றிவிடுங்கள், அது போதும்” என்றார் அப்பா.

கவலைப்படாதீர்கள், எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று அவரை அனுப்பியிருக்கலாம். அதற்கு நான் எதற்கு? அவருக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். இதே நிலையில் இன்னும் பல குடும்பங்கள் இருக்கின்றன.

முதலில் கணக்கு. பத்து லட்சத்தை 10.5 விழுக்காடு வட்டியில் பத்து ஆண்டில் அடைப்பதானால் மாதத் தவணை ஏறக்குறைய 13,500 ரூபாய். படிக்கும் காலத்தில் தவணை கட்ட வேண்டாம் என்பது உண்மை. ஆனால் வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும், அது இந்தக் கணக்கில் இல்லை. பிணையில்லாக் கல்விக் கடனுக்கு வங்கிகளின் வழக்கமான வரம்பு ஏழரை லட்சம். அதைத் தாண்டினால் சொத்தைக் கேட்பார்கள். தோப்பு இந்தக் கதைக்குள் வருவது அதனால்தான். பையன் வேண்டா வெறுப்பாகப் படித்து நான்கைந்து அரியர்களோடு வெளியே வந்தால் தவணையைக் கட்டப்போவது மளிகைக் கடை. தாய்மாமன் கட்டமாட்டார். “உங்கள் பையன் படிப்புக்கு அவர் எவ்வளவு போடுகிறார்?” என்று நேராகவே கேட்டேன். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. வரட்டும். பணம் போடாதவர் படிப்பை முடிவு செய்யக் கூடாது என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

நீட், கலந்தாய்வு, பி.காம்., பி.சி.ஏ. பற்றியெல்லாம் ஊரே உங்களுக்குச் சொல்லும், அவற்றை விடுகிறேன். பார்வையை மாற்றுவது பற்றித்தானே கேட்டீர்கள்? மாற்றவேண்டிய பார்வை ஒன்று இருக்கிறது, அது உங்களுடையது. காலையில் கண்ணாடி முன் நின்று ‘என்னால் முடியும்’ என்று பத்து முறை சொல்லச் சொல்லவில்லை. உங்கள் கடையின் அலமாரியிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகி உட்புறம் பாருங்கள். பெரும்பாலும் ஒரு சிறிய எண் இருக்கும். ஒரே அச்சில் பல மூடிகள் ஒரே நேரத்தில் வார்க்கப்படுகின்றன. இது எந்தக் குழியிலிருந்து வந்தது என்பதற்கான அடையாளம் அந்த எண். ஏதாவது ஒரு மூடி கசிந்தால் எந்தக் குழியைச் சரிசெய்ய வேண்டும் என்று அதை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்கள். சீப்பு, டூத் பிரஷ், சோப்பு டப்பா எதை எடுத்தாலும் ஓரத்தில் மெல்லிய கோடு ஒன்று ஓடும். அச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடம் அது. கொசுவர்த்தியைச் செருகும் தகரத் துண்டு, தகட்டை அழுத்தி வெட்டும் அச்சான பிரஸ் டூலில் வெட்டி மடக்கியது. இத்தனை ஆண்டுகளாக இவற்றை விற்கிறீர்கள். இந்த அச்சுகளைச் செய்கிறவனைப் பற்றி ஒரு நாளாவது யோசித்திருப்பீர்களா?

அவன்தான் டூல் அண்ட் டை மேக்கர்.

அவன் வேலையைக் கேளுங்கள். 1 மில்லிமீட்டர் தகட்டில் துளை போட, மேலிருந்து குத்தும் பஞ்ச் ஒன்று, அது இறங்கும் துளையுள்ள டை ஒன்று. இரண்டுக்கும் நடுவே ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 0.05 மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். தலைமுடிகூட பெரும்பாலும் அதைவிடத் தடிமன். இடைவெளி கூடினால் தகட்டின் ஓரத்தில் பிசிறு நிற்கும், குறைந்தால் கருவி சீக்கிரம் மழுங்கும். பிளாஸ்டிக் அச்சு வேறு மாதிரி. பாலிபுரொப்பிலீன் ஆறும்போது ஒன்று முதல் இரண்டு விழுக்காடு வரை சுருங்கும் என்பதால் அந்த அளவுக்கு அச்சைப் பெரிதாகவே வெட்ட வேண்டும். எந்த இடம் எவ்வளவு சுருங்கும், உருகிய பிளாஸ்டிக் எந்த வாசல் வழியாக உள்ளே போகும், ஆறிய பொருளை எந்தப் பின் வெளியே தள்ளும் என்பதெல்லாம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். கடினப்படுத்திய எஃகைச் சாதாரண வெட்டுக்கருவி தொடாது. அதற்குச் சாணைக்கல்லால் தேய்க்கும் கிரைண்டிங், மின்பொறியால் அரிக்கும் ஸ்பார்க், கம்பியால் அறுக்கும் வயர் கட். முடி போன்ற பித்தளைக் கம்பி தண்ணீருக்குள் மின்பொறியாலேயே எஃகை அறுத்துக்கொண்டு போவதை ஒரு முறை பார்த்த பையன் கைப்பேசியை மறந்துவிடுவான். நான் பார்த்திருக்கிறேன்.

இதில் கணிதம் இல்லையா? முக்கோணவியல் தினமும் வேண்டும். கணினி இல்லையா? முப்பரிமாண வடிவமைப்பும், கணினி வழி இயங்கும் சி.என்.சி. மெஷினுக்கு நிரல் எழுதுவதும், அச்சுகளைச் செய்யும் இன்றைய டூல் ரூமில் அன்றாட வேலை. கையில் கிரீஸ் படும் என்ற ஒரே காரணத்துக்காக இது படிப்பே இல்லை என்று நினைக்கிறோம்.

வழிகள் உண்டு. ஐ.டி.ஐ.யில் டூல் அண்ட் டை மேக்கர் இரண்டு ஆண்டுப் பிரிவு. பிரஸ் டூலுக்குத் தனி, அச்சுகளுக்குத் தனி. அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், பஸ் பாஸ். எல்லா ஐ.டி.ஐ.யிலும் இந்தப் பிரிவு இருக்காது, விசாரிக்க வேண்டும். தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் ஐ.டி.ஐ. மாணவர்களுக்கும் உண்டு, ஆனால் உங்கள் மகன் தனியார் பள்ளியில் படித்தவன், அதை எதிர்பார்க்க வேண்டாம். கணிதப் பிரிவு முடித்தவன் என்பதால் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோவின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். இதற்கென்றே இருக்கும் நிறுவனங்களும் உண்டு. 1959இல் சுவிட்சர்லாந்து உதவியோடு தலச்சேரியில் தொடங்கிய என்.டி.டி.எஃப்., ஹைதராபாத்தில் மத்திய அரசின் சி.ஐ.டி.டி., அதற்குச் சென்னையிலும் கிளை இருக்கிறது. அவற்றில் நுழைவுத் தேர்வு, கட்டணம், வயது வரம்பு எல்லாம் உண்டு. விண்ணப்பத்தை முழுதாகப் படித்துவிட்டுப் பேசுங்கள்.

கசப்பையும் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு மூன்று ஆண்டு சம்பளம் உறவினரிடம் பெருமையாகச் சொல்லும்படி இருக்காது. நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை, ஷிப்ட் உண்டு, மெஷினைக் குளிர்விக்க ஊற்றும் கூலன்ட்டின் வாடை வீடு வரை வரும். பயிற்சி தராமல் மெஷினுக்கு ஆள் மட்டும் தேடும் பட்டறைகளும் இருக்கின்றன. அங்கே பட்டனைத் தட்டிக்கொண்டே பத்து ஆண்டு போய்விடும். சேருமுன் டூல் ரூம் உள்ள தொழிற்சாலையா, வெறும் உற்பத்தி மட்டுமா என்று கேட்க வேண்டும். கோவை, ஓசூர், அம்பத்தூர் பக்கமெல்லாம் இரண்டு வகையும் கலந்தே கிடக்கின்றன. கைத்தேர்ச்சி வந்தவனுக்கு நிலைமை மாறும். ஓர் அச்சு பழுதானால் உற்பத்தி வரிசையே நின்றுவிடும், அப்போது முதலாளி முதலில் போன் செய்வது அவனுக்குத்தான்.

“நம்ம வீட்டுப் பிள்ளை ஐ.டி.ஐ. என்றால் நாளைக்குப் பெண் யார் கொடுப்பார்கள்?” என்றார் அம்மா. பையனுக்குப் பதினேழு வயது. அந்தக் கேள்விக்கு இன்னும் பத்து ஆண்டு இருக்கிறது, அதற்காகத் தோப்பை இப்போதே அடமானம் வைக்க வேண்டாம். முதலில் பையனிடம் கேளுங்கள். பட்டறையில் என்ன செய்தாய், எங்கே அளவு தவறியது, எப்படித் திருத்தினாய் என்று கேளுங்கள். விடாமல் பேசினான் என்றால் இது விளையாட்டு இல்லை. இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டால் இந்த வழியும் அவனுக்கு வேண்டாம். நானே தடுப்பேன்.

பொறியியல் பட்டம் கட்டாயம் என்றால் அந்தக் கதவும் மூடவில்லை. டிப்ளமோ முடித்தவர்கள் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரும் கலந்தாய்வைக் காரைக்குடி அழகப்பா செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி நடத்தி வருகிறது. இரண்டும் மூன்றும் ஐந்து ஆண்டு. நேர்வழியைவிட ஓர் ஆண்டுதான் கூடுதல். ஆனால் அதை அவனே வந்து கேட்கட்டும். நீங்கள் முந்திக்கொண்டு விண்ணப்பம் வாங்கி வைக்காதீர்கள்.