அறிவியல் கேள்வி–பதில்: துடிப்பு லேசருக்கு முன் திரவப் படிகம்

கேள்வி: ஆய்வேட்டுக்காக 5சிபி என்னும் திரவப் படிகத்தை (திரவம் போல ஓடினாலும் மூலக்கூறுகள் ஒரே திசையில் வரிசையாக நிற்கும் பொருள்) இரு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே நிரப்பிச் சோதித்து வருகிறோம். இடைவிடாது ஒளிரும் தொடர் லேசரின் ஒளியில் அதன் மூலக்கூறுகள் மெல்லத் திரும்புகின்றன. சராசரித் திறன் அதைவிடக் குறைவான, விட்டுவிட்டு ஒளிவீசும் துடிப்பு லேசரைச் செலுத்தினாலோ, திரும்புவதற்குப் பதிலாகக் கரும்புள்ளி விழுகிறது. ஏன்?
– முதுநிலை இயற்பியல் மாணவி, பாளையங்கோட்டை

பதில்: சராசரித் திறன் என்னும் எண்ணை முதலில் ஒதுக்கி வையுங்கள். துடிப்பு ஒன்றுக்கு 10 மில்லிஜூல் ஆற்றலை 10 நானோ வினாடியில் தரும் லேசர், வினாடிக்குப் பத்துத் துடிப்புகள் வீதம் இயங்கினால், அதன் சராசரித் திறன் ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் துடிப்பு நிகழும் கணத்தில் அதன் திறன் 10 லட்சம் வாட். பாபநாசம் அணையிலிருந்து ஒரு பருவம் முழுவதும் கால்வாய்களில் விடும் தண்ணீரை ஒரே நாழிகையில் திறந்துவிட்டால், கணக்கேட்டில் அளவு மாறாது, கரைதான் மிஞ்சாது.

திரவப் படிகம் ஒளிக்கு ஒரே விதமாக இசைந்து கொடுப்பதில்லை. எந்த விளைவுக்கு நேரம் கிடைக்கிறதோ அதுவே வெளிப்படும். கோடிக்கணக்கான மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்தபடி ஒருசேரத் திரும்புவதற்கு மில்லி வினாடிகள் முதல் வினாடிகள் வரை ஆகும். தொடர் லேசரில் நீங்கள் கண்டது இதுதான். 1980களின் தொடக்கத்தில் ஆய்வாளர்களை வியக்கவைத்த, சாதாரணத் திரவங்களைவிடப் பல கோடி மடங்கு பெரிய ஒளிவிலகல் எண் (பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதன் அளவு) மாற்றமும் இதிலிருந்தே பிறக்கிறது. நானோ வினாடித் துடிப்பு முடியும்போது மூலக்கூறுகள் அசையத் தொடங்கியிருந்தாலே அதிகம். அந்தக் குறுகிய நேரத்தில் முந்திக்கொள்பவை எலக்ட்ரான்களின் உடனடி அதிர்வு, உட்கவரப்பட்ட ஒளியால் எழும் வெப்பம், அவ்வெப்பம் கிளப்பும் அழுத்த அலை ஆகியவையே.

கரும்புள்ளிக்குத் திரவப் படிகத்தை மட்டும் குற்றம் சொல்வது, என் கருத்தில், அவசர முடிவு. மூலக்கூறுகளை வரிசைப்படுத்தத் தேய்த்த பாலிஇமைடு என்னும் நெகிழிப் பூச்சு, மின்னோட்டத்துக்கான இண்டியம் வெள்ளீய ஆக்சைடுப் படலம், நிரப்பும்போது புகுந்த தூசி ஆகியவை பெரும்பாலும் முன்னதாகவே பழுதடைகின்றன. அந்த ஆக்சைடுப் படலம் கண்ணுக்குக் கண்ணாடி போல ஒளியை ஊடுருவ விடுவதாகத் தெரிந்தாலும் 1064 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியை ஓரளவு உட்கவரும். பூச்சே இல்லாத வெற்றுக் கண்ணாடித் தகடுகளில் ஒருமுறை சோதித்தால், பழுது எங்கே தொடங்குகிறது என்பது விளங்கிவிடும்.

நீங்கள் பயன்படுத்துவது 532 நானோமீட்டர் பச்சை ஒளி எனில் இன்னொரு காரணமும் உண்டு. 5சிபி மூலக்கூறின் இரண்டு பென்சீன் வளையங்களும் புறஊதா ஒளியை விழுங்குபவை. ஒளிச்செறிவு மிகும்போது இரண்டு பச்சை ஃபோட்டான்கள் (ஒளித்துகள்கள்) ஒருசேர உட்கவரப்பட்டு அதே வேலையைச் செய்துவிடும். 1064 நானோமீட்டரில் இதற்கு நான்கு ஃபோட்டான்கள் வேண்டும் என்பதால் அந்த ஆபத்து வெகுவாகக் குறைகிறது.

மற்றொன்றையும் மறக்க வேண்டாம்: 5சிபி ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸில் தன் ஒழுங்கை இழந்து வெறும் திரவமாகிவிடும். சித்திரை, வைகாசி மாதங்களில் நம் ஊர் ஆய்வுக்கூடத்தில் குளிரூட்டி நின்றுவிட்டால், லேசரை இயக்கும் முன்பே உங்கள் படிகம் படிகமாக இராது. அந்த வரம்பை நெருங்கும்போதே ஒளிவிலகல் எண் வெப்பத்துக்கு மிகக் கூர்மையாக மாறத் தொடங்குவதால், வெப்பநிலையைக் குறிக்காத அளவீடுகளை ஒப்பிடுவதில் பயனில்லை.

கேள்வி: இவ்வளவு எளிதில் பழுதடையும் பொருளை மாபெரும் லேசர்களில் பயன்படுத்துகிறார்கள் என்பது உண்மையா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், அம்பாசமுத்திரம்

பதில்: உண்மைதான் ஐயா. அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 60 கதிர்களைக் கொண்ட ஒமேகா லேசரில், 1054 நானோமீட்டர் ஒளி செல்லும் வழியில், திரவப் படிக வட்டத் தளவிளைவாக்கிகள் (ஒளி அலையின் அதிர்வுத் திசையை வட்டமாகச் சுழலச் செய்யும் தகடுகள்) வைக்கப்பட்டன. எல்லாத் திரவப் படிகங்களும் எளிதில் பழுதடைவதில்லை. பென்சீன் வளையங்களுக்குப் பதிலாகச் சைக்ளோஹெக்சேன் வளையங்களைக் கொண்ட மூலக்கூறுகள், ஒளியை விழுங்கும் எலக்ட்ரான்கள் குறைவு என்பதால், மிகுந்த செறிவையும் தாங்குகின்றன. அதற்கு விலையாக, அதிர்வுத் திசைக்கேற்ப ஒளியை வெவ்வேறு அளவில் விலக்கும் தன்மையான இரட்டை ஒளிவிலகல் குறைந்துவிடுகிறது. ஆகவே அதே விளைவைப் பெறத் தடிமன் கூடிய படலம் வேண்டியிருக்கிறது. ஆயினும் அகன்ற கதிருக்கு ஏற்ற பெரிய படிகத் தகட்டை அறுத்து மெருகேற்றுவதைவிட, இரு கண்ணாடிகளுக்கு இடையே திரவத்தை நிரப்புவது எளிது.

கேள்வி: கொடை விழா மேடையில் சுழலும் லேசர் விளக்கின் கதிர் பட்டால் கைபேசியின் திரை கெட்டுவிடுமா?
– வாசகர், வள்ளியூர்

பதில்: அவை பெரும்பாலும் தொடர் லேசர்கள், திரைக்கு அவற்றால் ஆபத்து மிகக் குறைவு. கைபேசியின் கேமரா வில்லை அக்கதிரைக் குவித்து உணரியின் மீது விழச்செய்வதால், படம் எடுக்கும்போது உணரி நிலையாகப் பழுதடையக்கூடும். கண்ணின் வில்லையும் அவ்வாறே குவிக்கும் என்பதால் குழந்தைகளைக் கதிருக்கு எதிரே நிறுத்த வேண்டாம். முதல் கேள்வி கேட்ட மாணவிக்கும் இது பொருந்தும்: 1064 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, இமையும் தானாக மூடிக்கொள்ளாது, ஆகவே பாதுகாப்புக் கண்ணாடி அந்த அலைநீளத்துக்கு உரியதா என்று அதில் அச்சிட்டிருப்பதைப் பார்த்த பிறகே அணிய வேண்டும்.