சிறையிலிருந்து காட்டுத்தீக்கு

கேள்வி: அமெரிக்காவில் பெண் கைதிகளைக் காட்டுத்தீ அணைக்க அனுப்புகிறார்களாமே, கட்டாய வேலையா?

பதில்: இல்லை, அவர்களாக விரும்பிப் போவதுதான். கலிபோர்னியாவில் 1983-லிருந்து பெண்களும் இதில் இருக்கிறார்கள், மாலிபு மலையில் இருக்கும் 13-ம் எண் முகாம் அதில் பிரபலம். தீ வைத்த வழக்கு, பாலியல் குற்றம், தப்பியோடிய வழக்கு இருந்தால் சேர்க்க மாட்டார்கள்.

தண்ணீர் பீய்ச்சுவது இவர்கள் வேலை இல்லை. ஆரஞ்சு உடுப்போடு, முதுகில் மூட்டையோடு வரிசையாக மலையேறி, முன்னால் போகிறவர் செயின்சா என்ற இயந்திர ரம்பத்தால் புதரை அறுக்க, அடுத்தவர் அதை இழுத்து வீச, பின்னால் வருகிறவர்கள் வெறும் மண் தெரியும்வரை கொத்திச் சுரண்டிக்கொண்டே போக வேண்டும், ஏனென்றால் எரிய ஒன்றும் இல்லாத அந்தப் பட்டையில்தான் தீ நிற்கும். ஒரே மூச்சில் 24 மணி நேரம்கூட நீளும். 2016-ல் மாலிபு முகாமைச் சேர்ந்த 22 வயதுப் பெண் ஒருவர் பாறை உருண்டு விழுந்து இறந்தார்.

கூலி? 2025 வரை பல வருடங்களாக ஒரு நாளைக்குச் சில டாலர், தீக்களத்தில் கூடுதலாக மணிக்கு ஒரு டாலர், அவ்வளவுதான் இருந்தது. அது அநியாயம் என்றே சொல்வேன். ஆனாலும் பெண்கள் போகிறார்கள், தண்டனை நாள் குறையும், உயர்ந்த மதில் இல்லாத இடத்தில் இருக்கலாம். வெளியே வந்தபின் பழைய வழக்கு குறுக்கே நின்று தீயணைப்பு வேலை கிடைக்காமல் போனது, 2020-ல் வந்த சட்டத்தால் இப்போது வழக்கை நீக்கக் கோரி நீதிமன்றம் போகலாம்.