சர்க்யூட் போர்டு படத்தில் வெள்ளை எழுத்தை எடுப்பது எப்படி? கேள்வி பதில்

பழைய போர்டை ஸ்கேன் செய்து, டிராக் (பாகங்களை இணைக்கும் செம்புக் கோடு) போகும் வழியைப் பார்த்து சர்க்யூட் வரைகிறவர்களுக்கு முதல் இடைஞ்சல் அதன் மேல் அச்சடித்திருக்கும் வெள்ளை எழுத்துதான். அதைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

கேள்வி: ஸ்பின்னிங் மில்லில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். ஒரு பழைய கன்ட்ரோல் கார்டுக்கு சர்க்யூட் கிடைக்கவில்லை. பாகங்களைக் கழற்றிவிட்டு ஸ்கேன் செய்தேன். ஆர்12, சி5 என்ற எழுத்தெல்லாம் டிராக் மேலேயே விழுந்திருக்கிறது. மொத்தமாக அழித்துவிட முடியுமா?

முடியும், ஆனால் அழிக்காதீர்கள், பிரித்து எடுங்கள். டையோடின் கோடு எந்தப் பக்கம், ஐசியின் முதல் கால் எது, கன்டென்சரின் பிளஸ் எங்கே என்பதை எல்லாம் சொல்வது அந்த எழுத்துதான். நாளைக்கு சர்க்யூட் வரையும்போது அது கட்டாயம் வேண்டும். அதனால் முதல் ஸ்கேனைத் தொடாமல் வைத்துவிட்டு, நகலில் வேலை செய்யுங்கள். எழுத்து ஒரு லேயர், டிராக் ஒரு லேயர். வேண்டும்போது போட்டுக்கொள்ளலாம், வேண்டாதபோது மறைத்துவிடலாம்.

இனி செய்முறை. கிம்ப் மென்பொருளில் கலர்ஸ் மெனு, காம்பொனென்ட்ஸ், டீகம்போஸ் என்று போய் ஆர்ஜிபி தேர்ந்தெடுங்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனி கறுப்பு வெள்ளைப் படங்களாக வரும். பச்சை போர்டில் சிவப்புப் படத்தைப் பாருங்கள். பச்சைப் பூச்சு அதில் இருண்டு கிடக்கும், வெள்ளை மை மட்டும் பளிச்சென்று தெரியும். அங்கே த்ரெஷோல்டு (ஓர் அளவுக்கு மேல் வெளிச்சமானதை வெள்ளையாகவும் மற்றதைக் கறுப்பாகவும் மாற்றுவது) போட்டால் எழுத்து தனியாக வந்துவிடும். அதையே செலக்ஷனாக மாற்றி, இரண்டு மூன்று பிக்சல் அகலப்படுத்துங்கள். எழுத்தின் ஓரம் பச்சையோடு கலந்து மங்கலாக இருக்கும். அதை விட்டுவிட்டால் எழுத்தைச் சுற்றி வெளிறிய வளையம் மிஞ்சும்.

அப்புறம் அந்த இடத்தை நிரப்ப வேண்டும். ரீசிந்தசைசர் பிளக்இன் இருந்தால் அதிலுள்ள ஹீல் செலக்ஷன் போதும். பைத்தான் தெரிந்தவர்கள் ஓப்பன்சிவியின் இன்பெயின்ட் கட்டளையைப் பயன்படுத்தலாம். அதில் டெலியா, நேவியர்-ஸ்டோக்ஸ் என்று இரண்டு முறை உண்டு. மெல்லிய எழுத்துக்கு இரண்டுமே சரிவரும்.

கேள்வி: அப்படிச் செய்தால் ஈயம் பூசிய பேடுகளும் (பாகத்தின் காலைப் பற்றவைக்கும் இடங்கள்) சேர்ந்து செலக்ட் ஆகின்றன. வெள்ளை எழுத்தும் வெள்ளிப் பேடும் ஒரே நிறமாகத் தெரிகின்றனவே?

எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. நிறம் கைவிட்டால் அகலத்தைப் பிடியுங்கள். எழுத்தின் கோடு பெரும்பாலும் 0.15 மி.மீ. அளவில் இருக்கும். 1200 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 1200 பிக்சல்) ஸ்கேனில் அது 7 பிக்சல். நெருக்கமான கால் உள்ள ஐசியின் பேடு 0.3 மி.மீ. இருந்தாலும் 14 பிக்சல் வரும். த்ரெஷோல்டு போட்ட படத்தில் ஃபில்டர்ஸ், ஜெனரிக் மெனுவில் உள்ள எரோடை நான்கு முறை ஓட்டினால் வெள்ளைக் கோடு இரு பக்கமும் தேய்ந்து எழுத்து காணாமல் போகும், பேடு மெலிந்து நிற்கும். பிறகு டைலேட் நான்கு முறை ஓட்டினால் பேடு பழைய அளவுக்கு வந்துவிடும். இந்தப் பேடு படத்தை, த்ரெஷோல்டு போட்ட படத்திலிருந்து கழித்தால் எழுத்து மட்டும் மிஞ்சும். 600 டிபிஐயில் இந்த வித்தியாசம் மூன்று நான்கு பிக்சலுக்குள் சுருங்கிவிடும். அதனால் 1200இல் மறுபடி ஸ்கேன் செய்துவிடுங்கள்.

தங்கம் பூசிய பேடு என்றால் இவ்வளவு பாடுபட வேண்டாம். நீலப் படத்தில் தங்கமும் இருண்டுவிடும், பச்சையும் இருண்டுவிடும், வெள்ளை மட்டும் நிற்கும்.

கேள்வி: போனில் இருக்கும் ஏஐ அழிப்பான் ஒரே தொடலில் சுத்தமாக எடுத்துவிடுகிறதே அண்ணா, அது போதாதா?

புராஜெக்ட் ரிப்போர்ட்டின் அட்டைக்கு அழகான படம் வேண்டும் என்றால் தாராளமாகப் பயன்படுத்து தம்பி. சர்க்யூட் வரைய மட்டும் வேண்டவே வேண்டாம். அது எழுத்துக்கு அடியில் இருப்பதைக் காட்டுவதில்லை, இருந்திருக்கலாம் என்று தோன்றுவதை வரைகிறது. பக்கத்துப் பக்கத்தில் ஓடும் இரண்டு டிராக்கை ஒன்றாக்கிவிடும், இல்லாத இடத்தில் வயா (இரு பக்கத்து டிராக்கை இணைக்கும் துளை) வைத்துவிடும், பார்த்தால் சந்தேகமே வராது. நான் மேலே சொன்ன முறைகளும் ஒருவகையில் ஊகம்தான். ஆனால் அவை மெல்லிய கோட்டை மட்டும் நிரப்புகின்றன, எந்த இடம் நிரப்பியது என்பதும் மாஸ்க்கில், அதாவது நாம் பிரித்தெடுத்த எழுத்து செலக்ஷனில், பதிவாக இருக்கிறது. அந்த மாஸ்க்கைப் படத்தின் மேல் சிவப்பாகப் போட்டுக்கொண்டு, டிராக் கடக்கும் ஒவ்வொரு இடத்தையும் போர்டில் மல்டிமீட்டர் பீப் வைத்துச் சரிபார்.

கேள்வி: ஸ்கேன் செய்த எழுத்தைச் சுற்றி கறுப்பு நிழல் மாதிரி வருகிறது. ஏன்?

ஸ்கேனரின் ஷார்ப்பன் செட்டிங் ஆனில் இருக்கும், அணைத்துவிடுங்கள். ஜேபெக்காகச் சேமிக்கவும் வேண்டாம். அதில் நிறத் தகவல் பெரும்பாலும் பாதி நுணுக்கத்தில்தான் பதிவாகும். எழுத்தோரத்தில் நிறம் கசிந்து, நிறத்தை வைத்துப் பிரிக்கும் வேலையே கெடும். டிஃப் அல்லது பிஎன்ஜி நல்லது.

கேள்வி: போர்டிலேயே எழுத்தைச் சுரண்டிவிட்டால்?

வேறு போர்டு இருந்தால் மட்டும். நன்றாக இறுகிய எபாக்சி மை ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) போட்டுத் துடைத்தால் போகாது. உப்புத்தாள் போட்டால் எழுத்தோடு பச்சைப் பூச்சும் போகும், கவனம் தவறினால் செம்பும் தேயும். செய்தே ஆக வேண்டும் என்றால் முதலில் ஸ்கேன் எடுத்துவிட்டு, தண்ணீர் விட்டு, முகக்கவசம் போட்டுத் தேயுங்கள். கண்ணாடி இழைத் தூள் நுரையீரலுக்குள் போகக் கூடாது.

கேள்வி: கறுப்பு போர்டில் டிராக்கே தெரியவில்லை, எழுத்து மட்டும்தான் தெரிகிறது.

இரண்டு லேயர் போர்டு என்றால் பின்னாலிருந்து பலமான வெளிச்சம் கொடுத்துப் போட்டோ எடுத்துப் பாருங்கள். செம்பு வெளிச்சத்தை முழுக்க மறைக்கும், எழுத்து மை ஓரளவுதான் மறைக்கும். ஆனால் இரு பக்கத்து டிராக்கும் ஒன்றின் மேல் ஒன்றாகத் தெரியும். உள்ளே செம்புத் தகடு வைத்த நான்கு லேயரில் இது எடுபடாது.

கேள்வி: கம்பெனிப் பெயரை மட்டும் படத்திலிருந்து எடுத்து, என் தயாரிப்பு என்று விற்பனைக்குப் போடலாமா?

கூடாது. அதற்கு நான் உதவ மாட்டேன்.

கேள்வி: சுத்தமான படம் கையில் வந்துவிட்டது. அடுத்து என்ன?

சர்க்யூட், போர்டு வரையும் இலவச மென்பொருளான கிகேட்டில், 7ஆம் பதிப்பு முதல் போர்டு எடிட்டரிலேயே படத்தைப் பின்னணியாக வைத்து மேலே டிராக் வரையலாம். அடிப்பக்க ஸ்கேனை இடவலமாகத் திருப்பிப் போடுங்கள். அளவு பொருத்த ஒரு டிப் ஐசியை (இரண்டு வரிசைக் கால் உள்ளது) பிடியுங்கள். கால்களுக்கு இடையே 2.54 மி.மீ., ஆகவே 20 கால் ஐசியில் ஒரு வரிசையின் முதல் காலிலிருந்து பத்தாவது கால் வரை 22.86 மி.மீ. அதே அளவை நெடுக்காகவும் குறுக்காகவும் பாருங்கள். சில ஸ்கேனர்களில் இரண்டு திசைக்கும் கொஞ்சம் வித்தியாசம் வரும்.