கேள்வி நேரம்: எக்ஸ்பேன்ஷன் வாங்கலாமா அக்கா?

ஆன்லைன் விளையாட்டுகளைப் பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் சொன்னதுதான் தாமதம், வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் எக்ஸ்பேன்ஷனை, அதாவது ஏற்கெனவே வெளிவந்த விளையாட்டோடு பிறகு சேர்த்து விற்கிற புதுப் பகுதியைப் பற்றியே இருந்தன. குன்னூர் வண்டிச்சோலையில் பகலெல்லாம் தேயிலைக் கணக்கும் ராத்திரி விளையாட்டில் கூட்டாளிகளைக் குணப்படுத்தும் ஹீலர் வேலையும் பார்க்கிற எனக்கு இதைவிடப் பிடித்த பேச்சு கிடையாது. நேராகக் கேள்விகளுக்குப் போய்விடலாம்.

கோத்தகிரியிலிருந்து ஒரு பிளஸ் டூ மாணவர்: கில்டு வார்ஸ் 2 இலவசக் கணக்கில் ஆடுகிறேன் அக்கா. லெவல் 80 வந்துவிட்டேன். எக்ஸ்பேன்ஷன் வாங்காவிட்டால் பின்தங்கிவிடுவாய் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். வாங்கலாமா? வாங்கினால் எதை முதலில்?

முதலில் அந்தப் பயத்தை விடு தம்பி. கில்டு வார்ஸ் 2 வெளிவந்தது 2012 ஆகஸ்ட்டில். அன்றைக்கும் உச்ச லெவல் 80தான், இத்தனை எக்ஸ்பேன்ஷன் வந்தபிறகு இன்றைக்கும் 80தான். கியர் என்றால் கவசம், ஆயுதம். அந்த வருடக் கடைசியில் வந்த அசெண்டட் கியருக்கு மேல் பலம் கூடிய கியரை அவர்கள் கொண்டுவரவே இல்லை. ஒரு வருடம் ஆடாமல் இருந்துவிட்டு வந்தாலும் உன் கவசமும் வாளும் அப்படியே செல்லும். பின்தங்குவது என்கிற பேச்சுக்கே இந்த விளையாட்டில் இடமில்லை.

எக்ஸ்பேன்ஷன் என்றால் என்ன என்பதை நம்ம ஊர் ரயிலை வைத்தே சொல்லிவிடலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து 1899-ல் வந்த ரயில் குன்னூரோடு நின்றது. 1908-ல் பாதை ஊட்டி வரைக்கும் நீண்டது. அதுவரை கடைசி ஸ்டேஷனாக இருந்த குன்னூர் நடு ஸ்டேஷன் ஆனது. ஆனாலும் இன்றைக்கும் ரயில் அங்கே நின்று, இன்ஜின் மாற்றிக்கொண்டுதான் மேலே போகிறது. ஒரு எக்ஸ்பேன்ஷன் புதிதாக எத்தனை ஊர் தருகிறது என்பதை நான் இரண்டாவதாகத்தான் பார்ப்பேன். பழைய ஸ்டேஷனில் இன்னும் வண்டி நிற்கிறதா என்பதுதான் எனக்கு முதல் கேள்வி.

இந்த விளையாட்டில் நிற்கிறது. முதல் எக்ஸ்பேன்ஷன் 'ஹார்ட் ஆஃப் தார்ன்ஸ்' 2015 அக்டோபரில் வந்தது. அதில் ஆரிக் பேசின் என்ற காட்டுக்குள் டாரிர் என்று ஒரு தங்க நகரம் இருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அதன் நான்கு வாசல்களிலும் ராட்சதக் கொடிகள் முளைக்கும். நான்கையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வெட்டிச் சாய்க்க வேண்டும். ஒரு வாசல்காரர்கள் அவசரப்பட்டால் மற்ற மூன்று வாசலின் உழைப்பும் வீண். அதனால் கொடியின் உயிர் கொஞ்சமாய் மிஞ்சியதும் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். "வடக்கு ரெடி", "தெற்குக்கு நாலு பேர் வாங்க" என்று சாட்டில் ஓடிக்கொண்டே இருக்கும். பிறகு யாரோ ஒருவர் மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்ணுவார், நான்கு பக்கமும் ஒன்றாக இறங்கும். முன்பின் தெரியாத அத்தனை பேர் ஒருவர் சொல்லுக்குக் காத்து நிற்கிற அந்தச் சில நொடிகளுக்காகவே நான் இன்னும் அங்கே போகிறேன். இத்தனை வருடம் கழித்தும் ஆள் சேர்கிறது.

எதை முதலில் வாங்குவது என்று கேட்டிருந்தாயே. 2017-ல் வந்த 'பாத் ஆஃப் ஃபயர்' வாங்கு. கூடவே 'ஹார்ட் ஆஃப் தார்ன்ஸ்' சேர்ந்தே வரும். ஒன்றில் காற்றில் மிதந்து இறங்கும் கிளைடர், மற்றதில் ஏறிச் சவாரி செய்யும் மவுண்ட்கள். பள்ளம் தாண்ட ராப்டர், செங்குத்தாக எம்ப ஸ்பிரிங்கர், தண்ணீர் மேல் வழுக்கிப் போக ஸ்கிம்மர். இவற்றையெல்லாம் பழைய நிலப்பரப்பிலும் பயன்படுத்தலாம் என்பதுதான் அருமை. நீ லெவல் 5-ல் சுற்றிச் சுற்றி ஏறின மலையில் இப்போது ஸ்பிரிங்கரோடு நாலே எம்பு.

விலையை அடிக்கடி குறைப்பார்கள், அதுவரை பொறு. மார்ச்சில் உனக்குப் பொதுத்தேர்வு இருக்கிறது. டாரிர் எங்கேயும் போகாது, தேர்வு முடித்துவிட்டுப் போ.

குன்னூரிலிருந்து ஒரு அம்மா: எட்டாவது படிக்கும் மகன் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் வேண்டும் என்கிறான். மாதச் சந்தாவும் கட்டி, புது எக்ஸ்பேன்ஷனையும் தனியாக வாங்க வேண்டுமாமே. ஒரே பொருளுக்கு இரண்டு தடவை பணமா?

ஆமாம் அம்மா, புதிதாக வருகிற எக்ஸ்பேன்ஷனுக்குத் தனிப்பணம்தான். ஆனால் பழையவற்றுக்கு வேண்டாம். 2018 ஜூலையிலிருந்து பழைய எக்ஸ்பேன்ஷன்கள் சந்தாவுக்குள்ளேயே அடக்கம். அதற்கும் முன்னால், லெவல் 20 வரை ஒரு பைசா கட்டாமல் ஆடலாம். முதலில் அதை ஆடச் சொல்லுங்கள். இருபது லெவலுக்குள் சலித்துவிட்டால் பணம் மிச்சம். ஃபைனல் ஃபேன்டஸி 14 இன்னும் தாராளம். லெவல் 70 வரை, முதல் இரண்டு எக்ஸ்பேன்ஷன்களையும் சேர்த்து, நாள் கணக்கே இல்லாமல் இலவசம்.

பணத்தைவிட முக்கியமாக நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஆன்லைன் விளையாட்டைப் பாதியில் நிறுத்தி வைக்க முடியாது. வார்கிராஃப்ட்டில் டஞ்சன் என்ற சண்டைக் களத்துக்குள் ஐந்து பேர் சேர்ந்து போவார்கள். அடி வாங்குகிறவர் ஒருவர், குணப்படுத்துகிறவர் ஒருவர், அடிக்கிறவர்கள் மூவர். உங்கள் மகன் குணப்படுத்துகிறவனாக இருந்து, "சாப்பிட வா" என்ற குரலுக்கு எழுந்து போனால் மற்ற நால்வரும் அங்கேயே சாவார்கள். அவன் "அஞ்சு நிமிஷம்மா" என்று கெஞ்சுவது பெரும்பாலும் உண்மையான ஐந்து நிமிஷம்தான். அதனால் நடுவில் இழுக்காதீர்கள், ஆரம்பத்தைக் கட்டுப்படுத்துங்கள். எட்டரைக்குச் சாப்பாடு என்றால் எட்டு மணிக்கு மேல் புது டஞ்சனுக்குள் நுழையக்கூடாது. இந்த ஒரு விதி போதும். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து, யாரோடு ஆடுகிறான் என்று அவனையே சொல்லச் சொல்லிக் கேளுங்கள். பிள்ளைகளுக்கு அதைச் சொல்ல ரொம்பப் பிடிக்கும்.

ஊட்டி பிங்கர்போஸ்ட்டிலிருந்து ஒருவர்: எக்ஸ்பேன்ஷன் வரும் நாளில்தான் எங்கள் பக்கம் நெட் போகிறது. நெட் இருந்தாலும் லாக், அழுத்தியது தாமதமாகத்தான் நடக்கிறது. அதிக வேக பிளானுக்கு மாறினால் சரியாகுமா?

நெட் போவது தற்செயல் இல்லை சார், தேதிகளைப் பாருங்கள். வார்கிராஃப்ட்டின் 'ராத் ஆஃப் தி லிச் கிங்' 2008 நவம்பர் 13. 'வார்லார்ட்ஸ் ஆஃப் ட்ரேனர்' 2014 நவம்பர் 13. 'ஷேடோலேண்ட்ஸ்' 2020 நவம்பர் 23. 'டிராகன்ஃப்ளைட்' 2022 நவம்பர் 28. எல்லாமே நமக்கு வடகிழக்குப் பருவமழைக் காலம். குன்னூர் மலைப்பாதையில் மண் சரிவதும், மரம் விழுந்து கேபிள் அறுவதும் அந்த மாதத்தில்தான். மீதி எக்ஸ்பேன்ஷன்களில் 2016, 2018, 2024 மூன்றும் ஆகஸ்ட்டில் வந்தன. அது கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்கு மழை வெளுத்து வாங்குகிற மாதம்.

இதற்கு வழி முன்கூட்டியே இறக்கி வைப்பது. பெரிய விளையாட்டுகள் இப்போது 100 ஜிபியைத் தாண்டிவிட்டன. எக்ஸ்பேன்ஷன் ஃபைல்களைச் சில நாள் முன்பே இறக்க விடுவார்கள். வானம் தெளிந்த ராத்திரியில் அதை முடித்துவிடுங்கள். ஆடும்போது செலவாகும் டேட்டா மிகக் குறைவு, கேபிள் போனாலும் செல்போன் ஹாட்ஸ்பாட்டில் ஒப்பேற்றலாம். கரண்ட் போனால் ரௌட்டருக்கென்று ஒரு சின்ன யூ.பி.எஸ். தனியாக இருக்கட்டும்.

லாக் வேறு விஷயம். விளையாட்டு ஓடுகிற சர்வர் ஐரோப்பாவில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னையிலிருந்து ஐரோப்பாவின் நடுப்பகுதிக்கு நேர்கோட்டிலேயே 7,000 கிலோமீட்டருக்கு மேல். போய்த் திரும்பவே 70 மில்லி செகண்ட் ஆகிவிடும். கடலடி கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, அதனால் நிஜத்தில் இன்னும் நிறைய. நீங்கள் எத்தனை எம்பிபிஎஸ் பிளான் போட்டாலும் அந்தத் தூரம் குறையாது. காசை வீணாக்க வேண்டாம். வைஃபையை விட்டுவிட்டு ஒயர் போடுங்கள், பிங் (தகவல் போய்த் திரும்பும் நேரம்) எகிறிக் குதிப்பது நிற்கும். கண்ணிமைக்கும் நேரத்தில் தடுக்க வேண்டிய வாள்வீரனைவிட, அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டி யோசித்து ஆடுகிற ஹீலர் நம் தூரத்துக்கு ஒத்துவரும்.

இன்னொன்று, ஜூலை ஈரத்தில் கம்ப்யூட்டரை மூடிப் போட்டு வைக்காதீர்கள். ஆடாத நாளிலும் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள். அந்தச் சூடே உள்ளே பூஞ்சை வராமல் காக்கும்.

கொடைக்கானலிலிருந்து ஒரு பழைய ஆட்டக்காரர்: 2008-ல் மதுரையில் படித்தபோது ப்ரவுசிங் சென்டரில் வார்கிராஃப்ட் ஆடினேன். தௌசண்ட் நீடில்ஸ் என்ற பள்ளத்தாக்கு எனக்கு உயிர். இப்போது மறுபடி ஆட ஆசை. அந்த இடம் இன்னும் இருக்கிறதா?

நீங்கள் பார்த்தபடி இல்லை சார்.

2010 டிசம்பர் 7-ல் 'கேட்டக்ளிஸம்' வந்தது. முதல் 24 மணி நேரத்தில் மட்டும் 33 லட்சம் பிரதிகள் விற்ற எக்ஸ்பேன்ஷன். டெத்விங் என்ற டிராகன் பூமியைப் பிளந்துகொண்டு வெளியே வருவதாகக் கதை. கதைக்காகப் பழைய நிலத்தையே மாற்றி வரைந்துவிட்டார்கள். பாரன்ஸ் புல்வெளி இரண்டாகப் பிளந்தது. ஆபர்டைன் என்ற கடலோர ஊர் இடிந்தது. தௌசண்ட் நீடில்ஸில் கடல் புகுந்துவிட்டது.

உங்களுக்கு நினைவிருக்கும், பாரன்ஸின் தெற்கு விளிம்பிலிருந்து இறங்கும் அந்தப் பெரிய லிஃப்ட். மேலே நின்று பார்த்தால் கீழே செம்மண் தரையில் ஊசி ஊசியாகப் பாறைத் தூண்கள். லிஃப்ட் மெதுவாக ஆடிக்கொண்டு இறங்க இறங்க, தூண்கள் நம் தலைக்கு மேல் வளர்ந்துகொண்டே போகும். அந்த லிஃப்ட் இன்று இல்லை. அதைத் தாண்டி இருந்த உப்புத் தரையும், அதில் நோம் என்ற குள்ள இனத்தாரும் காப்ளின்களும் வண்டிப் பந்தயம் விட்ட பாதையும் தண்ணீருக்கு அடியில். மேலே ஒரு பெரிய படகு மிதக்கிறது, நமக்கும் ஒரு சின்னப் படகு தருகிறார்கள். தூண்களின் உச்சி மட்டும் தண்ணீருக்கு வெளியே தெரிகிறது.

கேட்டக்ளிஸத்தில் நல்ல வேலையும் உண்டு, மறுக்கமாட்டேன். பழைய நிலங்களில் கதையே இல்லாமல் கிடந்த பல மூலைகளுக்குக் கதை வந்தது. ஆனால் முதல் 'பர்னிங் குரூசேட்' 2007-ல் செய்தது வேறு. அது பழைய உலகத்தைத் தொடவில்லை, டார்க் போர்ட்டல் என்ற மாய வாசல் வழியாக ஆட்களை வேறு கிரகத்துக்கு அழைத்துப்போனது. அங்கே முதல் ஊரில் கிடைத்த சாதாரணப் பச்சைக் கியரே, 40 பேர் மாதக்கணக்கில் ரெய்டு என்ற பெருங்கூட்டச் சண்டைக்குப் போய்ச் சேர்த்த கியருக்குச் சமமாக இருந்தது. பழைய ரெய்டுகள் ஒரே வாரத்தில் காலியாகின. அது ஒரு வகை இழப்பு. ஆனால் திரும்பிப் போனால் இடமாவது இருந்தது. 2010-ல் இடமே போனது. லட்சக்கணக்கான பேர் நடந்த ஒரு நிலத்தை, பழையதை எங்கேயும் வைக்காமல் அழித்தது தவறு என்றே இன்றும் நினைக்கிறேன். ஆட்டக்காரர்கள் வருடக்கணக்கில் கேட்டுக் கேட்டு, 2019 ஆகஸ்ட்டில்தான் 'கிளாசிக்' என்ற பெயரில் பழைய உலகத்தைத் தனியாகத் திறந்தார்கள்.

உங்களுக்கு வேண்டியது அதுதான். ஆனால் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். கிளாசிக் சர்வர்களில் ஒரு பகுதி மறுபடி ஒவ்வொரு எக்ஸ்பேன்ஷனாக நகர்ந்து, 2024 மே மாதம் கேட்டக்ளிஸத்துக்கே வந்துவிட்டது. நீங்கள் 'கிளாசிக் எரா' என்று போட்டிருக்கும் சர்வரை எடுங்கள். அது 2006-ன் நிலத்திலேயே நிற்கும். லிஃப்ட் ஓடுகிறது. ஒரே சந்தாவில் புது விளையாட்டும் உண்டு. அங்கே குரோமி என்ற பாத்திரத்திடம் பேசினால் பழைய எக்ஸ்பேன்ஷன் நிலங்களில் லெவல் ஏற்றிக்கொள்ளலாம். நீங்கள் கிளம்பிப்போன பிறகு வந்த 'லிச் கிங்' பனிநிலத்தை அங்கே பாருங்கள். கொடைக்கானல்காரருக்குப் பிடிக்கும்.

கூடலூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: எக்ஸ்பேன்ஷனோடு லெவல் பூஸ்ட்டும் கிடைக்கிறதாம், எடுக்கலாமா? அப்புறம், பெண் என்று தெரிந்தால் தொல்லை தருவார்களா?

வார்கிராஃப்ட் 2014-ல் எக்ஸ்பேன்ஷன் வாங்கியவர்களுக்கு நேராக லெவல் 90 கொடுத்தது. ஏற்கெனவே ஒரு பாத்திரத்தை முழுசாக வளர்த்தவர் இரண்டாவதுக்குப் பயன்படுத்தட்டும். உன் முதல் பாத்திரத்துக்கு வேண்டாம்மா. எந்த மந்திரம் எதற்கு என்று தெரியாமல் முப்பது பட்டனோடு போய் நின்றால், ரெய்டில் யாரும் நின்று சொல்லித்தர மாட்டார்கள். பழைய நிலத்தில் லெவல் 12-ல் திணறும்போது, அந்த வழியாகப் போகிற யாராவது இறங்கி வந்து உதவுவார்கள். எனக்குக் கில்டு, அதாவது சேர்ந்து ஆடும் குழு, கிடைத்தது அப்படித்தான்.

தொல்லை தருகிறவர்கள் உண்டு, மறைக்கமாட்டேன். வாய்ஸ் சாட்டில் பேச வேண்டிய கட்டாயம் எங்கேயும் இல்லை, எழுதியே எல்லா ரெய்டும் போகலாம் என்று சொல்கிற கில்டுகள் இருக்கின்றன. சேரும் முன் ஒரு வாரம் அவர்கள் சாட்டைப் படித்துப் பார். புதிதாக வந்தவர் தப்பு செய்தால் எப்படிப் பேசுகிறார்கள் என்பதைக் கவனி. ஒருவன் எல்லை மீறினால் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காதே. பிளாக் செய், ரிப்போர்ட் செய், கில்டுத் தலைவருக்கும் சொல். அவர் தட்டிக்கழித்தால் அன்றைக்கே அந்தக் கில்டை விட்டு வெளியே வா. ஐரோப்பிய கில்டில் சேர்வதாக இருந்தால் ரெய்டு நேரத்தையும் கேட்டுக்கொள். அவர்களுக்கு இரவு எட்டு மணி, நமக்குக் குளிர்காலத்தில் நள்ளிரவு பன்னிரண்டரை. ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு மதியம் பன்னிரண்டு மணிக்கு ஆடுகிற கில்டாகப் பார்த்தால் நமக்கு மாலை நாலரை, அது வசதி.