கஞ்சா இல்லை என்றால் குற்றமும் இல்லையா? – வாசகர் கேள்வி, வக்கீல் பதில்

இந்த முறை பட்டா, ஜீவனாம்சம், பாகப்பிரிவினை எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு ஒரே விஷயத்தை எடுத்துக்கொண்டேன். கஞ்சா மாதிரி போதை தரும், ஆனால் கஞ்சாச் செடியில் இருந்து வராத, ஆய்வகத்தில் செய்த சரக்கு பற்றித்தான் கேள்விகள் குவிந்திருக்கின்றன. பெயர் போட வேண்டாம் என்று கேட்டவர்கள் அதிகம், அதனால் எல்லாருக்குமே ஊர் மட்டும்.

கேள்வி: என் மகன் கல்லூரியில் இரண்டாம் வருஷம். அவன் மேசை டிராயரில் பளபளவென்று ஒரு சின்ன பாக்கெட் கிடைத்தது, உள்ளே காய்ந்த இலைத்தூள். ‘வாசனைப் புகைக்கு மட்டும், மனிதர் உட்கொள்வதற்கு அல்ல’ என்று இங்கிலீஷில் போட்டிருக்கிறது. கேட்டால், “அது கஞ்சா இல்லம்மா, சட்டப்படி விக்கிறதுதான், ஆன்லைன்ல வாங்கினேன்” என்கிறான். நம்பாமல் லேபுக்குக் கூட்டிப்போய் யூரின் டெஸ்ட் எடுத்தேன், கஞ்சா இல்லை என்றே வந்தது. நான் வீணாகச் சந்தேகப்படுகிறேனா? போலீசில் சொல்ல வேண்டுமா?
– ஒரு தாய், அனுப்பானடி

பதில்: வீண் சந்தேகம் இல்லை அம்மா. அவன் சொன்னதில் பாதி உண்மையாகக்கூட இருக்கலாம், அது கஞ்சா இல்லாமலே இருக்கலாம். சிக்கலே அங்கேதான்.

இந்த மாதிரி பாக்கெட்டுகளில் இலைக்கு மதிப்பே இல்லை, ஏதோ ஒரு காய்ந்த இலை. அதன் மேல் தெளிக்கிற ரசாயனம்தான் சரக்கு. 2004 வாக்கில் ஐரோப்பியக் கடைகளில் ‘ஸ்பைஸ்’ என்ற பெயரில் ஊதுவத்தி, சாம்பிராணி வகையறாவாக இது வந்தது, அமெரிக்காவில் ‘கே2’ என்றார்கள். மூலிகையே போதை தருகிறது என்று பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தார்கள். 2008 கடைசியில் ஜெர்மனியில் ஆய்வகச் சோதனை செய்தபோதுதான் உள்ளே ஜே.டபிள்யூ.எச்-018 என்ற ரசாயனம் இருப்பது தெரிந்தது. அமெரிக்காவின் க்ளெம்சன் பல்கலைக்கழகத்தில் ஜான் டபிள்யூ. ஹஃப்மன் என்ற வேதியியல் பேராசிரியர் மூளையில் கஞ்சா எப்படி வேலை செய்கிறது என்று ஆராய்வதற்காக உருவாக்கிய பொருள் அது, அந்த எழுத்துகள் அவருடைய இனிஷியல்தான். மனிதர் புகைக்க அவர் செய்யவில்லை. ஆனால் செய்முறை ஆராய்ச்சி இதழ்களில் வெளியாகியிருந்தது, எவனோ எடுத்து வியாபாரம் ஆக்கிவிட்டான். ஜெர்மனி 2009 ஜனவரியிலேயே தடை செய்தது. தயாரித்தவர்கள் மூலக்கூறில் ஒரு மூலையை மாற்றி அடுத்ததைச் சந்தைக்கு விட்டார்கள். அதற்கும் தடை வந்தது, அடுத்தது வந்தது, இன்று வரை அதே கதைதான். ‘மனிதர் உட்கொள்வதற்கு அல்ல’ என்ற வரி உங்கள் மகன் நலனுக்காகப் போட்டது இல்லை. உணவு, மருந்துச் சட்டங்களில் இருந்து விற்பவன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் போட்டது.

கஞ்சாவைவிட இது ஏன் மோசம் என்று கேட்பீர்கள். கஞ்சாவில் உள்ள டி.எச்.சி. நம் மூளையின் சிபி1 என்ற ஏற்பியை, அதாவது ரசாயனம் வந்து ஒட்டி வேலை செய்கிற இடத்தை, ஓரளவுக்குத்தான் தூண்டும். இந்த ரசாயனங்களில் பல, முழு வேகத்தில் தூண்டுகிறவை. தெளிப்பதும் சீராக இருக்காது. கருவாட்டில் ஒரு துண்டு சப்பென்றும் அடுத்த துண்டு நாக்கை அறுக்கிற உப்பாகவும் இருக்கும் இல்லையா, அதே மாதிரி ஒரே பாக்கெட்டில் ஒரு சிட்டிகை ஒன்றுமே செய்யாது, அடுத்த சிட்டிகை ஆளைச் சாய்த்துவிடும். நெஞ்சு படபடப்பு, ஓயாத வாந்தி, வலிப்பு, புத்தி பேதலிப்பு, சிலருக்குச் சிறுநீரகப் பாதிப்பு வரை போயிருக்கிறது. 2016 ஜூலையில் நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரே நாளில் 33 பேர் நடைபாதையில் நின்ற இடத்திலேயே மரத்துப்போய்க் கிடந்தார்கள். 2018-ல் இல்லினாய் மாநிலத்தில் இந்தச் சரக்கில் எலிமருந்து, அதாவது புரோடிஃபகூம், கலந்திருந்து, 150-க்கும் மேற்பட்டவர்களுக்கு மூக்கிலும் ஈறிலும் சிறுநீரிலும் ரத்தம் வந்தது, சிலர் இறந்தே போனார்கள். பாக்கெட்டில் என்ன இருக்கிறது என்று வாங்குபவனுக்குத் தெரியாது, பெரும்பாலும் விற்பவனுக்கும் தெரியாது.

யூரின் டெஸ்ட் விஷயம். சாதாரண லேபில் எடுப்பது டி.எச்.சி. உடம்பில் உடைந்து வரும் பொருளைத் தேடுகிற டெஸ்ட். இந்த ரசாயனங்கள் அதில் தெரியாது. ஆகவே ‘இல்லை’ என்று வந்த காகிதத்தை வைத்து நிம்மதியும் வேண்டாம், சந்தேகப்பட்டதற்காக அவனிடம் மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம்.

போலீஸ் என்று ஆரம்பிக்காதீர்கள், டாக்டர் என்று ஆரம்பியுங்கள். நம் பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். கூச்சமாக இருந்தால் முதலில் 14446 என்ற தேசிய போதை மீட்பு உதவி எண்ணில் பேசுங்கள், காசு கிடையாது. மயக்கம், வலிப்பு என்றால் யோசிக்காமல் 108. பாக்கெட்டை ஹேண்ட்பேக்கில் போட்டுக்கொண்டு அலையாதீர்கள், சட்டத்தின் கண்ணில் அப்போது அது உங்கள் கையில் இருக்கும் பொருள். முன்னும் பின்னும் போட்டோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள், பாக்கெட்டை என்ன செய்வது என்று ஒரு வக்கீலை அன்றைக்கே நேரில் கேளுங்கள். 1985-ம் வருஷத்து போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. போதைக்கு அடிமையானவர், பயன்படுத்திய குற்றத்திலோ ‘சிறிய அளவு’ வைத்திருந்த குற்றத்திலோ மாட்டியிருந்தாலும், தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்தால் வழக்கில் இருந்து விடுபடலாம். சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும். இந்தப் பிரிவைப் பற்றி நம் ஊரில் யாரும் பேசுவதே இல்லை, எனக்கு அதில் தீராத வருத்தம் உண்டு.

கேள்வி: காலேஜ் வாசலில் பெட்டிக்கடை வைத்திருக்கிறேன். ‘மூலிகை சிகரெட், முழுக்க இயற்கை’ என்று ஒருவர் சாம்பிள் கொடுத்துவிட்டுப் போனார். கமிஷன் நல்ல கமிஷன். பில்லும் தருகிறேன் என்கிறார். வைக்கலாமா?
– கோ.புதூர்

பதில்: வைக்காதீர்கள் அண்ணே. பில் வாங்கினால் பொருள் சுத்தமாகிவிடாது. உள்ளே இருப்பது போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் அட்டவணையில் உள்ள மனமயக்கப் பொருள் என்று தடய அறிவியல் ஆய்வகம் சொல்லிவிட்டால், அந்தச் சட்டத்தின் 22-ம் பிரிவில் தண்டனை வரும். உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும், அதுவும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் (35-ம் பிரிவைப் படித்துப் பாருங்கள், மற்ற குற்ற வழக்குகளில் இருக்கிற தாராளம் அதில் இல்லை). இயற்கை மருந்து என்கிறவரிடம் ஆயுஷ் உரிம எண்ணும் தயாரிப்பாளர் முகவரியும் கேளுங்கள். அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்.

கேள்வி: நான் சட்டக் கல்லூரி மாணவன். தண்டனை கொடுக்க வேண்டுமென்றால் பொருளின் பெயர் அட்டவணையில் இருக்க வேண்டும். மூலக்கூறை மாற்றிவிட்டால் அட்டவணையில் இல்லை. அப்படியென்றால் அது குற்றமே இல்லை என்றுதானே அர்த்தம்?
– நாகமலை புதுக்கோட்டை

பதில்: தம்பி, பரீட்சையில் இப்படி எழுதினால் மார்க் போடலாம். செய்த நாளில் சட்டம் குற்றம் என்று சொல்லாத செயலுக்குத் தண்டனை இல்லை என்று அரசியல் சட்டத்தின் 20(1) சொல்கிறதே, அது சரிதான். நம் சட்டமும் பெயர்ப்பட்டியல் சட்டம்தான். மத்திய அரசு 3-ம் பிரிவின் கீழ் அரசிதழில் அறிவித்து ஒவ்வொரு பெயராகச் சேர்க்க வேண்டும்.

ஆனால் கையில் பாக்கெட்டோடு நிற்கிறவனுக்கு இந்த வாதம் எப்போது உதவும்? சரக்கு ஆய்வகத்துக்குப் போய், ரிப்போர்ட் வந்து, அதில் உள்ள பெயர் பட்டியலில் இல்லை என்று தெரிந்த பிறகு. அதுவரை எங்கே இருப்பான் என்று யோசி. பட்டியலில் இல்லாததைத்தான் வாங்கினேன் என்று உறுதியாகச் சொல்லவும் அவனால் முடியாது, மூலக்கூறின் பெயரைப் பாக்கெட்டில் யாரும் அச்சடிப்பதில்லை. இந்த வகையில் முதலில் பிடிபட்ட ஜே.டபிள்யூ.எச்-018, 2015-லேயே ஐ.நா.வின் 1971 மனமயக்கப் பொருள் உடன்படிக்கைப் பட்டியலுக்குள் வந்துவிட்டது.

அளவு விஷயத்திலும் ஒரு பொறி இருக்கிறது. கஞ்சாவுக்குச் சிறிய அளவு 1 கிலோ, வணிக அளவு 20 கிலோ. ரசாயனச் சரக்கில் கணக்கு கிராமில் வந்துவிடும். உதாரணத்துக்கு எம்.டி.எம்.ஏ. என்ற போதைப்பொருளுக்குச் சிறிய அளவு அரை கிராம், 10 கிராம் தாண்டினாலே வணிக அளவு, அதாவது 10 முதல் 20 வருஷம் சிறை, 37-ம் பிரிவின்படி ஜாமீனும் லேசில் கிடைக்காது. சுத்தப் பொருளை மட்டும் எடை போட வேண்டுமா, கலந்திருக்கும் மற்றதையும் சேர்த்தா என்ற சண்டையை 2020-ல் ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது: மொத்த எடைதான். தெளித்த மருந்து ஊசிமுனையளவு இருந்தாலும் இலையையும் சேர்த்துத் தராசில் வைப்பார்கள்.

மற்ற நாடுகள் என்ன செய்தன என்பது உனக்குப் பிடிக்கும். பட்டியலில் உள்ளதைப் போன்ற அமைப்பும் விளைவும் இருந்தால் அதையும் பட்டியலில் உள்ளதாகவே நடத்தலாம் என்று அமெரிக்கா 1986-லேயே சட்டம் போட்டது, ‘போன்ற’ என்றால் என்ன என்று அங்கே இன்னும் நிபுணர்கள் கூண்டில் ஏறிச் சண்டை போடுகிறார்கள். நியூசிலாந்து துணிச்சலாக வேறு வழியில் போனது. 2013-ல், பாதுகாப்பானது என்று தயாரிப்பாளரே நிரூபித்தால் உரிமம் தருகிறோம் என்றது, இடைக்கால அனுமதியில் கடைகளும் நடந்தன, பொதுமக்கள் கொந்தளித்து 2014 மே மாதம் அத்தனை அனுமதியையும் ரத்து செய்ய வேண்டியதாயிற்று. பிரிட்டன் 2016-ல் மனதை மாற்றும் எந்தப் பொருளை விற்றாலும் குற்றம் என்று ஒட்டுமொத்தமாகப் போட்டுவிட்டு, மது, புகையிலை, காபி, டீயில் உள்ள கஃபீன் ஆகியவற்றுக்குத் தனியாக விலக்கு எழுதியது. (விலக்கு எழுதாமல் விட்டிருந்தால் காபிக்கடைக்காரர்களும் உள்ளே போயிருப்பார்கள்.) சீனா 2021 ஜூலை 1 முதல் இந்த வகை மூலக்கூறுகளை மொத்தக் குடும்பமாகவே தடை செய்தது.

என்னைக் கேட்டால் நமக்குச் சீனா வழி பொருந்தும், பெயர் பெயராக இல்லாமல் வேதிக் குடும்பமாக அட்டவணையில் சேர்க்கலாம். பிரிட்டன் வழி நமக்கு வேண்டாம். ‘மனதை மாற்றும் எதுவும்’ என்ற ஒரு வரியை ஒரு ஸ்டேஷன் ரைட்டர் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்று நம் ஊர்க் கோர்ட்டில் ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தால் உனக்கே தெரியும்.

கேள்வி: எங்கள் தாத்தா வைத்தியர். கஞ்சா இலை போட்டு லேகியம் கிண்டுவார். இப்போது ஆன்லைனில் கஞ்சா இலையில் செய்த ‘விஜயா’ எண்ணெய் என்று டாக்டர் சீட்டோடு விற்கிறார்களே, அதுவும் இந்தச் செயற்கைச் சரக்கும் ஒன்றா?
– சோழவந்தான்

பதில்: ஒன்றில்லை ஐயா. சட்டம் ‘கஞ்சா’ என்று சொல்வது பூ, காய்க்கொத்தைத்தான். கொத்து சேராத இலையையும் விதையையும் மத்தியச் சட்டத்தின் விளக்கம் வெளியே விட்டிருக்கிறது. அதற்காக வீட்டில் கிண்டலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், இலையைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் மாநிலத்துக்கு உண்டு, செடி வளர்த்தால் தனிக் குற்றம். உரிமம் பெற்ற சித்த, ஆயுர்வேத மருந்தாக, மருத்துவர் மேற்பார்வையில் எடுப்பது வேறு விஷயம். ஆய்வகத்தில் செய்தது எல்லாமே விஷம் என்றும் சொல்ல மாட்டேன். புற்றுநோய் சிகிச்சையில் வரும் வாந்திக்கு ட்ரோனபினால், நபிலோன் என்ற இரண்டு செயற்கைக் கஞ்சா வகை மருந்துகளை அமெரிக்கா 1985-லேயே அங்கீகரித்தது. அளவு தெரியும், ஆள் தெரியும், டாக்டர் தெரியும்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் மச்சான், அங்கே பெட்ரோல் பங்க் கடையிலேயே கஞ்சா மிட்டாய் விற்கிறது, பார்சலில் அனுப்பவா என்கிறார்.
– திருமங்கலம்

பதில்: வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது பெரும்பாலும் டெல்டா-8 வகை, டி.எச்.சி.யின் நெருங்கிய உறவு மூலக்கூறு. 2018-ல் அங்கே வந்த விவசாயச் சட்டம் டெல்டா-9, அதாவது வழக்கமான டி.எச்.சி., 0.3 சதவீதத்துக்குள் இருக்கும் சணல் வகைக் கஞ்சாவை அனுமதித்தது, அந்த ஓட்டையில் முளைத்த வியாபாரம். அங்கே கடையில் விற்பதால் இங்கே எதுவும் மாறாது. டி.எச்.சி.யும் அதன் உறவு மூலக்கூறுகளும் நம் அட்டவணையில் பெயரோடு இருக்கின்றன, இறக்குமதி 23-ம் பிரிவில் வரும். பார்சலில் உங்கள் பெயரும் விலாசமும் தெளிவாக இருக்கும்.

கேள்வி: அடுத்த மாதம் வேலைக்கு சிங்கப்பூர் போகிறேன். நண்பன் ஒரு வேப் (இ-சிகரெட்) கொடுத்தான், அதில் ‘சும்மா ஃபிளேவர்தான்’ என்கிறான். மதுரை ஏர்போர்ட்டில் பிடிப்பார்களா?
– மேலூர்

பதில்: மதுரையில் பிடிப்பார்களா என்று கேட்கிறீர்கள், நான் சிங்கப்பூரைப் பற்றிக் கவலைப்படுகிறேன். நம் நாட்டில் இ-சிகரெட் விற்பனையும் இறக்குமதியும் 2019 முதல் தடை. சிங்கப்பூரில் வேப் கையில் வைத்திருப்பதே குற்றம். செயற்கைக் கஞ்சா ரசாயனங்கள் அங்கே கடுமையான போதைப்பொருள் பட்டியலில் இருக்கின்றன. அதற்கும் மேலே, பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும் மனமயக்கம் தரக்கூடியது என்றாலே பிடிக்கும் சட்டம் 2024 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நாகமலை தம்பியின் வாதம் அங்கே எடுபடாது. வேலை அனுமதி போனால் ஏஜெண்டுக்குக் கட்டிய பணமும் போச்சு.

வேப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அப்புறம் கிளம்பும் முந்தின நாள், ‘அங்கே என் மகனிடம் கொடுத்துடுப்பா’ என்று பருப்புப் பொடியும் ஊறுகாயுமாகப் பொட்டலம் கொண்டு வருவார்களே, தெரிந்தவர்களாகவே இருந்தாலும் அவர்கள் எதிரிலேயே பிரித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.